படகின் இடது பக்கம்

— சாவியக் குடுங்கக்கா, ஒரே ஒரு தடவை அளந்துட்டு வந்துடறேன்…

— அளக்கவும் வேணாம் ஒண்ணும் வேணாம், மெதுவாப் பேசு, உள்ள கண்ணுக்கு மருந்து விட்டுப் படுத்திருக்கார்…

— மெதுவாப் பேசற விஷயமா இது? நாளைக்குக் காலையில கிரேன் வந்துடும்!

— வரட்டும். வரச் சொல்லித்தானே வருது.

— வந்து படகைத் தூக்கிட்டுப் போயிடுமேக்கா!

— கிரேன்னா தூக்கத்தான் செய்யும். வாசல் பெருக்கிட்டா போகும்?

— கிண்டல் பண்ணாதீங்க. ராத்திரி கண்ணை மூடல நான். இதோ பாருங்க, இது என் டேப்பு. இருபத்திரண்டு வருஷமா என் கழுத்துல தொங்குதே, அதே டேப்பு. இது முந்தாநாள் வாங்கின புதுசு. ரெண்டோட தலையையும் ஒண்ணாச் சேர்த்துப் பிடிங்க.

— எனக்கு அடுப்புல பால் இருக்கு.

— பால் பொங்கட்டும், நான் துடைக்கறேன். பிடிங்கக்கா. ம். இப்ப நான் வால் பக்கம் இழுக்கறேன். என்ன தெரியுது?

— ரெண்டு டேப்பு தெரியுது.

— அறுபதைப் பாருங்க. இதோட அறுபது எங்க நிக்குது, என்னோட அறுபது எங்க நிக்குது?

— உன்னோடது கொஞ்சம் தள்ளி நிக்குது.

— கொஞ்சமா? முழுசா ஒரு அங்குலம்! துணி டேப்புக்கா. இழுத்து இழுத்து நீண்டுபோய்க் கிடக்கு. எனக்குத் தெரியல.

— அப்ப நீ தைச்ச துணியெல்லாம் எப்படிடா சரியா இருந்துச்சு? உன் அண்ணனுக்குத் தைச்ச சட்டை கச்சிதமாத்தானே உக்காருது.

— அதான் கொடுமை. உடம்பையும் இதே டேப்பாலதான் அளக்கறேன், துணியையும் இதே டேப்பாலதான் வெட்டறேன். ரெண்டு பக்கமும் ஒரே பொய். ஒரு பொய்யும் இன்னொரு பொய்யும் நூல் பிடிச்ச மாதிரி பொருந்திப்போச்சு. போன மாசம் வெளியூர்ல இருந்து ஒரு அம்மா தன்னோட அளவைக் காகிதத்துல எழுதி அனுப்பினாங்க. மேல்கோட்டு தைச்சு அனுப்பினேன். தொளதொளன்னு இருக்கு, எனக்குத் தைச்சீங்களா எங்க வீட்டு அலமாரிக்குத் தைச்சீங்களான்னு ஒரு கடுதாசியோட திரும்பி வந்துச்சு. அப்பதான் ரோஷத்துல புது டேப்பு வாங்கி ரெண்டையும் ஒரே ஆணியில மாட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன்.

— சரி. அந்த அம்மாவுக்கு வேற கோட்டு தைச்சுக் குடு. வேலை முடிஞ்சுது.

— கோட்டா பெருசு? படகையும் காகிதத்தைப் பார்த்துத்தானேக்கா கட்டினோம்! அண்ணன் சுவத்துல வரைபடம் ஒட்டி வெச்சிருப்பார். விலாச்சட்டத்துக்கும் விலாச்சட்டத்துக்கும் நடுவுல பதினஞ்சு அங்குலம்னு அதுல எழுதியிருக்கும். வலது பக்கம் பல் டாக்டர் கோஷ்டி இரும்பு டேப்பால அளந்துச்சு. இடது பக்கம் யாரு?

— நீ.

— நான்! இதே டேப்பு! பதினஞ்சுக்குக் கால் அங்குலம் கூடும். இருபத்தெட்டு இடைவெளி. கூட்டிப் பாருங்க. ஏழு அங்குலம்க்கா. படகோட இடது பக்கம் வலது பக்கத்தை விட ஏழு அங்குலம் நீளம்.

— அப்படி இருந்தா பார்க்கறப்பவே தெரிஞ்சிருக்காதா? அந்தப் படகைப் பார்க்காத ஆள் இந்தத் தெருவுல உண்டா? தபால்காரர்ல இருந்து ரொட்டிக்கடைக்காரர் வரைக்கும் தடவிப் பார்த்துட்டுத்தான் போயிருக்காங்க.

— அதான் எனக்கும் புரியல. மூக்குல ரெண்டு பக்கமும் எப்படிச் சேர்ந்துச்சு? இழுத்துப் பிடிச்சு ஒட்டிட்டோம் போல. சட்டையில பெரிய பக்கத்தைச் சின்ன பக்கத்தோட சேர்த்தா சுருக்கம் விழும், யாரும் சாகமாட்டாங்க. மரத்துல சுருக்கம் விழாதுக்கா. முறுக்கிக்கிட்டு உள்ளயே கிடக்கும். நடுக்கடல்ல அலை ரெண்டு அடி அடிச்சா வெடிச்சுடும்.

— அபசகுனமாப் பேசாத.

— அதுல போகப்போறது யாருக்கா? படகை எடுத்துக்கற வாத்தியாரும் அவர் சம்சாரமும் மட்டுமா? ரெண்டு பிள்ளைங்க. சின்னதுக்கு அஞ்சு வயசு. போன வாரம் வந்து, என் கட்டில் எதுன்னு கேட்டு ஏறிப் படுத்துப் பார்த்துச்சு. எந்தப் பக்கம் படுத்துச்சு தெரியுமா? இடது பக்கம்.

— எனக்கும்தான் தெரியும். நான்தானே தூக்கி ஏத்திவிட்டேன்.

— அப்ப சாவியக் குடுங்க.

— சாவி காணோம்.

— உங்க கையில இருக்கு.

— இது மாடிச் சாவி.

— ஒன்பது வருஷமா அந்தப் படகுக் கொட்டகையத் திறந்து மூடறேன். எனக்குத் தெரியாதா எது மாடிச் சாவி, எது கொட்டகைச் சாவின்னு?

— பெயிண்ட் ஈரம். கை வெச்சா கறையாயிடும்.

— பெயிண்ட் அடிச்சு பன்னெண்டு நாளாச்சு! அடிச்சதே நான்தான்! என்னக்கா ஆச்சு உங்களுக்கு? நான் வேற ஒண்ணும் பண்ணப்போறதில்ல. உள்பக்கத்துப் பலகை நாலு கழட்டினாப் போதும். ஒவ்வொரு சட்டத்துக்குப் பின்னாடியும் நீலச் சாக்பீஸால நம்பர் போட்டிருக்கேன், துணிக்குப் போடற மாதிரி. அதுல புது டேப்பை வெச்சு…

— ஒரு பலகையும் கழட்டக் கூடாது!

— யாரு அங்க சத்தம்?

— யாருமில்லீங்க, தையல் தம்பிதான். நீங்க எந்திரிக்காதீங்க, மருந்து விட்டு அரை மணி ஆகல.

— யாரு, என் இடது பக்கத்துக்காரனா? என்ன தம்பி, மேலயா, கீழயா?

— மேலதான் அண்ணே.

— குரல் கீழ போற மாதிரி இருக்கே. சாப்பிட்டியா?

— ஆச்சு அண்ணே. நீங்க படுங்க.

— நாளைக்கு நீதான் மூக்குப் பக்கம் நிக்கணும், என்ன? கிரேன்காரன் நேராத் தூக்கறானான்னு பார்த்துச் சொல்ல ஒரு கண்ணு வேணும். என்னோடது ரெண்டும் விடுமுறையில இருக்கு.

— சரி அண்ணே.

— கதவைச் சாத்திட்டு வரேன், இரு. … ம். இப்பச் சொல்லு. அந்த மனுஷன்கிட்டப் போய் இதைச் சொல்லிடுவியா நீ?

— சொல்லாம எப்படி?

— அவர் முகத்தைப் பார்த்தியா? லிஃப்ட் மெக்கானிக்கா முப்பத்தஞ்சு வருஷம் இருந்தவர். வாழ்க்கை முழுக்க மேலயும் கீழயுமாவே போயிட்டேன், ஒரு தடவையாவது நேராப் போகணும்னு ஆரம்பிச்சது இது. கடைசியில அதுவும் இல்ல. யாரோ போகப்போறாங்க, இவர் கரையில நின்னு கேக்கப்போறார். பார்க்கக்கூட இல்ல, கேக்க. அந்த ஒண்ணையும் பிடுங்கணுமா உனக்கு?

— நீங்க எங்கக்கா போறதா இருந்துச்சு? ஊரே கேட்டுது, அண்ணன் சிரிச்சே மழுப்பிட்டார்.

— எங்கயும் இல்ல.

— சொல்லுங்க.

— எங்கயும் இல்லன்னா எங்கயும் இல்லதான். கரை கண்ணுக்குத் தெரியாத இடம் வரைக்கும் போறது, அங்க ஆளுக்கு ஒரு காபி குடிக்கறது, திரும்பி வர்றது. அதுக்குத்தான் முப்பத்தஞ்சு அடியில படகு. காபி குடிக்க இவ்வளவு பெரிய பாத்திரமான்னு நான்கூடக் கேட்டேன்.

— நாலு வருஷத்துல முடிச்சிருந்தா குடிச்சிருப்பீங்க.

— அதை ஏன் இப்பப் பேசற?

— பேசாம? முதல் நாள் அண்ணன் ஸ்டூல் மேல ஏறி நின்னு சொன்னார், நாப்பது பேர், நாலு வருஷம்னு. நான் முன்வரிசையில நின்னேன். ஒன்பது ஆச்சு. கண்ணு போக ஆரம்பிச்சு மூணு வருஷம்தான் ஆகுது. அஞ்சு வருஷம் முன்னாடி அந்தப் படகு தண்ணியில இருந்திருந்தா…

— மழை பெய்ஞ்சுது. பசை காயல. மரம் வர லேட்டாச்சு.

— ஒன்பது வருஷமும் மழையா?

— ஆளுங்க நின்னுட்டாங்க. நாப்பது பேர் நாலு பேரா ஆனா வேலை எப்படி ஓடும்? பல் டாக்டர் வெளியூர்ல பிள்ளை வீட்டோட போய்த் தங்கிட்டார். தபால்காரருக்கு முட்டி போச்சு. அந்த ரெட்டைப் பிறவி அக்கா தங்கச்சி ஞாபகம் இருக்கா? ஒருத்தி இடது, ஒருத்தி வலதுன்னு பிரிச்சுவிட்டதுக்கு, இன்னைக்கு வரைக்கும் பேச்சுவார்த்தை இல்ல.

— நான் நின்னேனா?

— நீ நிக்கல.

— ஒரு ஞாயித்துக்கிழமை தவறியிருக்கேனா?

— காய்ச்சல்ல ஒரு தடவை.

— அன்னைக்கும் சாயங்காலமா வந்துட்டேன். போர்வையைச் சுத்திக்கிட்டு.

— வந்த. ஆணி அடிக்கறேன்னு கட்டைவிரலை அடிச்சுக்கிட்ட.

— ஏன் வந்தேன்னு உங்களுக்குத் தெரியும்.

— இப்ப அது வேணாம் தம்பி.

— என் சம்சாரம் என்னை விட்டுப் போனப்ப ஒரு மாசம் ஷட்டரை இறக்கிட்டுக் கடைக்குள்ளயே உக்காந்திருந்தேன். விளக்கு போடல. சாப்பாடு யாராவது வெச்சா உண்டு. கத்திரிக்கோலை மேஜை மேல வெச்சுட்டு அதையே பார்த்துக்கிட்டு இருந்தேன். துணி வெட்ட இல்லக்கா. அண்ணன் வந்து ஷட்டரைத் தட்டினார். எனக்கும் அவருக்கும் அதுவரைக்கும் பழக்கம்கூட இல்ல. என்ன கேட்டார் தெரியுமா? தெருவுல எல்லாருக்கும் சுத்தியல் பிடிக்கத் தெரியுது, ஒருத்தனுக்கும் அளக்கத் தெரியல, அளக்கத் தெரிஞ்ச ஒரு ஆள் வேணும், வர்றியான்னார்.

— தெரியும். நான்தான் அனுப்பினேன்.

— அளக்கத் தெரிஞ்ச ஆள்! கேட்டீங்களா! போன உடனே இரும்பு டேப்பைத்தான் நீட்டினார். அதைத் தொட்டவுடனே விரலை அறுத்துடுச்சு. இது பாம்பு மாதிரி சுருட்டிக்குது, என் டேப்பு இல்லாம நான் அளக்க மாட்டேன்னு திமிராச் சொன்னேன். அண்ணன் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். அப்புறம், உன் கைக்கு எது பழக்கமோ அதுன்னுட்டார். அந்த ஒரு நிமிஷம் திரும்பி வராதாக்கா?

— வராது. எதுவும் வராது. அதனாலதான் சொல்றேன், வீட்டுக்குப் போ.

— படகுக்குக் காத்துப் பாய் தைச்சுத் தர்றியான்னு கேட்டார். தெரிஞ்ச வேலை. வாரம் பூரா மெஷின் மிதிக்கறேன், ஞாயித்துக்கிழமையும் மெஷினா, எனக்கு மரம்தான் வேணும்னு அடம் பிடிச்சேன். பழைய படகுல இருந்து கிழிஞ்ச பாயை வாங்கிட்டு வந்து நீங்க உக்காந்து ஒட்டுப்போட்டீங்க. அதையாவது நான் செஞ்சிருந்தா, எனக்குத் தெரிஞ்ச ஒண்ணாவது அந்தப் படகுல உருப்படியா இருந்திருக்கும்.

— என் ஒட்டு நல்லாத்தான் இருக்கு. குறை சொல்லாத.

— கோணல் ஒட்டு. ஆனா பிரியாது.

— அது போதும்.

— நான் முடிவு பண்ணிட்டேன். சாவி தரலன்னா பூட்டை உடைக்கறேன். என் பக்கத்தை நானே அறுக்கறேன். வாத்தியாருக்கு ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னு சொல்லலாம். இடது பக்கம் மட்டும் பிரிச்சு, புது டேப்பால திரும்ப அளந்து, நான் ஒருத்தனே…

— ஆறு மாசத்துல அவருக்கு ரெண்டு கண்ணும் இருக்காது. போன வாரம் டாக்டர் சொன்னார். அவர்கிட்ட இன்னும் சொல்லல. உன்கிட்டச் சொல்லிட்டேன், போதுமா?

— அக்கா…

— நாளைக்கு அது தண்ணியில இறங்கறதை வெள்ளையா ஒரு நிழல் போறாப்பலயாவது பார்ப்பார். அப்புறம் அதுவும் கிடையாது. அதுக்குத்தான் அந்த வாத்தியாரை நான் அவசரப்படுத்தினேன். பள்ளிக்கூடம் லீவு விடட்டும்னாங்க, இல்ல, இப்பவேன்னு நின்னேன். நான் செஞ்சது தப்புன்னா தப்பு.

— அப்ப அண்ணனுக்கு ஒரு நிழல் வேணும்கறதுக்காக, அந்த அஞ்சு வயசுக் குழந்தைய…

— அந்தக் குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது.

— எப்படித் தெரியும்?

— தெரியும்.

— எப்படித் தெரியும்னு கேக்கறேன்! கணக்கு ஏழு அங்குலம்னு சொல்லுது, நீங்க ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றீங்க. வேண்டுதலா? ஜோசியமா?

— நான் சொல்றேன்ல? இத்தனை வருஷத்துல உன்கிட்ட நான் ஒரு பொய் சொல்லியிருக்கேனா?

— இன்னைக்குக் காலையில இருந்து மூணு சொல்லியிருக்கீங்க. சாவி காணோம், இது மாடிச் சாவி, பெயிண்ட் ஈரம்.

— நகரு, பாலை இறக்கணும்.

— உங்களைப் பத்தி நான் இப்படி நினைச்சதே இல்லக்கா. தெருவுல யாருக்கு உடம்பு முடியலன்னாலும் முதல்ல ஓடறது நீங்க. இன்னைக்கு ஊரான் பிள்ளைங்க மூழ்கினா என்னன்னு நிக்கறீங்க. அந்தப் படகு உங்க ரெண்டு பேருக்கும் அவ்வளவு பெருசாப் போச்சா?

— படகு பெருசு இல்ல.

— பின்ன எது?

— விடு. காபி தரேன், குடிச்சுட்டுப் போ. நாளைக்கு மூக்குப் பக்கம் நில்லு, ரெண்டு கையையும் தட்டு, அழுகை வந்தா அழு. அதுக்கப்புறம் நீயும் நானும் அவரும் ஞாயித்துக்கிழமை என்ன பண்றதுன்னு உக்காந்து யோசிப்போம். அதுவே எனக்கு மலையா நிக்குது.

— எனக்கும்தான். ஆனா செத்துப்போன பிள்ளைங்களை நினைச்சுக்கிட்டு ஞாயித்துக்கிழமை காபி குடிக்க என்னால முடியாது.

— எங்க போற? அது என்ன கையில?

— போன். வாத்தியார் நம்பர் இருக்கு என்கிட்ட. பூட்டை உடைக்க வேணாம், அண்ணனை எழுப்ப வேணாம். அவங்ககிட்டயே சொல்லிடறேன். படகோட இடது பக்கம் தப்பு, தப்பு பண்ணினது நான், ஏறாதீங்கன்னு.

— வேணாம் தம்பி.

— அண்ணன் என் முகத்துல முழிக்கமாட்டார். பரவாயில்ல. என்னால அவர் பக்கத்துல நின்னு கை தட்ட முடியாது. என் கையால கெட்டதை நானாவது சொல்லணும். அந்த மரியாதையாவது எனக்கு மிஞ்சட்டும்.

— உன் கையால ஒண்ணும் கெடல. கீழ வை.

— ரிங் போகுது.

— கீழ வைடா!

— ஹலோ… சார், நான் தையல்காரன் பேசறேன். ஆமா சார், இடது பக்கம். ஒரு நிமிஷம் கேளுங்க, நாளைக்கு நீங்க…

— வெச்சுத் தொலைடா போனை! நீ அடிச்ச ஆணி ஒண்ணுகூட அந்தப் படகுல இல்ல. ஞாயித்துக்கிழமை நீ அடிச்சுட்டுப் போனதை, ஒன்பது வருஷமா ஒவ்வொரு திங்கக்கிழமையும் அவரும் நானும் கதவைச் சாத்திக்கிட்டுப் பிடுங்கிப் போட்டுட்டுத் திரும்ப அளந்து அடிச்சோம்.